எந்தக் கம்பனி நல்லம் என்று கேட்கும் தம்பிமாருக்கு



கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது வாசிக்க நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கார்ட் நம்பரை அடிப்பதற்கு முன்னராவது ஒரு தடவை வாசித்தால் போதும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது ஒரு தம்பி வந்தான். ஓ.எல். வரைக்கும் என்னிடம் கணிதம் படித்தவன். கெட்டிக்காரன். இப்போது ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். கையில் போனை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சேர், டொப்ஸ்டெப் நல்லமா, எபெக்ஸ் நல்லமா?"

செருப்புக் கம்பனியின் பெயர் கேட்பது மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நானும் ஒரு டிசம்பர் விடுமுறையில் யூடியூபிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ப்ரொப் பேர்ம் என்று ஒரு வகைக் கம்பனிகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு கட்டணம் கட்டவேண்டும். அவர்கள் 50,000 டொலர், 100,000 டொலர் என்று திரையில் ஓர் எக்கவுண்ட் தருவார்கள். அதில் அமெரிக்கப் பங்குச் சுட்டி, எண்ணெய், தங்கம் போன்றவற்றின் பியூச்சர்ஸை வாங்கி விற்று, ஒரு குறிப்பிட்ட இலாபத்தைக் காட்டினால் பரீட்சை பாஸ். பாஸானால் "பண்டட் ட்ரேடர்" என்று பெயர். அதன் பிறகு வரும் இலாபத்தில் பெரும்பங்கு உங்களுக்கு, மிச்சம் கம்பனிக்கு. கேட்கும்போது நல்ல திட்டம்தான். காசில்லாத, ஆனால் மூளையுள்ள ஒரு பிள்ளைக்கு வேறொருவர் முதல் போடுகிறார். நமது முன்னோர் செய்த முழாரபா வியாபாரம் மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு வருகிறேன்.

நேரமும் நமக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. நியூயோர்க் சந்தை காலை 9.30க்குத் திறக்கும்போது அவர்களது கோடைகாலத்தில் இங்கே இரவு 7 மணி. குளிர்காலத்தில் 8 மணி. பகலில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நஸ்டாக். நான் அந்த விடுமுறையில் எத்தனை நாள் இஷாவை ஜமாஅத்தோடு தொழவில்லை என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்.

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னர் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "மகன், அந்த 50,000 டொலர் எக்கவுண்டில் எவ்வளவு காசு இருக்கிறது?"

"50,000 சேர்."

இல்லை. அதில் இருப்பது 2,000.

இதுதான் முதலாவது விளங்கவேண்டிய விடயம். டொப்ஸ்டெப்பின் 50,000 டொலர் பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த காலத்தில் அதன் மாதச் சந்தா 49 டொலர். இலாப இலக்கு 3,000. ஆகக்கூடிய நஷ்ட எல்லை 2,000. அந்த 2,000 போனால் எக்கவுண்ட் மூடப்படும். மிச்ச 48,000 உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. கண்ணாடிக்குள் வைத்த பிரியாணி மாதிரி. ஆகவே உங்களுக்குக் கிடைத்தது 2,000 டொலர் எக்கவுண்ட். அதை வைத்து 3,000 உழைக்கச் சொல்கிறார்கள். அதாவது 150 வீத இலாபம். எந்த வங்கி முகாமையாளரிடமும் போய் "என்னிடம் இருக்கும் இரண்டு இலட்சத்தை ஒரு மாதத்தில் ஐந்து இலட்சமாக்கப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார்.

இந்த 2,000 எவ்வளவு சின்னது என்றும் பார்ப்போம். சிக்காகோவின் சீ.எம்.ஈ. சந்தையில் 1997 முதல் ஓடும் ஈ-மினி எஸ்.என்.பி. ஒப்பந்தத்தில் சுட்டி ஒரு புள்ளி அசைந்தால் 50 டொலர். ஆக 40 புள்ளி எதிராகப் போனால் ஒரே ஒப்பந்தத்தில் எக்கவுண்ட் முடிந்தது. சுட்டி 6,000க்கு மேல் நிற்கும் காலத்தில் 40 புள்ளி என்பது ஒரு வீதம் கூட இல்லை. நஸ்டாக் ஈ-மினியில் ஒரு புள்ளி 20 டொலர், எனவே 100 புள்ளியில் கதை முடியும். நஸ்டாக் 100 புள்ளி அசைவதற்குச் சில இரவுகளில் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் போதும். 2019 இல் வந்த மைக்ரோ ஒப்பந்தங்கள் இதில் பத்தில் ஒன்று. அவற்றில் மட்டும் விளையாடினால் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் 3,000 இலக்கு, மாதா மாதம் ஏறும் சந்தா என்ற அவசரத்தில் மைக்ரோவோடு பொறுமையாக இருப்பவரை நான் அதிகம் காணவில்லை. நானும் இருக்கவில்லை.

கம்பனிகளை ஒப்பிடுவது என்றால் முதலில் ஒப்பிடவேண்டியது இந்த நஷ்டக் கோடு எப்படி நகர்கிறது என்பதைத்தான். விலைக்கழிவை அல்ல. 80 வீதக் கழிவு, 90 வீதக் கழிவு என்று வரும் விளம்பரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். கோட்டைப் பார்ப்பவர் இல்லை.

என் கதையையே சொல்கிறேன். எந்தக் கம்பனி என்று இங்கே எழுத மாட்டேன். தேவையுமில்லை, தவறு பாதி என்னுடையது.

50,000 இல் தொடங்கினேன். நஷ்டக் கோடு 48,000. முதல் நாள் இரவு நஸ்டாக் ஒரு ஒப்பந்தம் வாங்கினேன். 70 புள்ளி மேலே போனது. திரையில் 1,400 டொலர் பச்சை நிறத்தில். என் மாதச் சம்பளத்தை விடப் பல மடங்கு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். (அந்தப் பிழையை யாரும் செய்யாதீர்கள், இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.) பிறகு விலை இறங்கியது. 100 டொலர் இலாபத்தில் மூடினேன். மீதி 50,100. இலாபம்தானே என்று நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள் 35 புள்ளி எதிராகப் போனது. 700 டொலர் நஷ்டம். எக்கவுண்ட் மூடப்பட்டுவிட்டதாக மின்னஞ்சல் வந்தது.

2,000 வரைக்கும் நஷ்டப்படலாம் என்ற எக்கவுண்டில் மொத்தமாக நான் நஷ்டப்பட்டது 600. எப்படி மூடினார்கள்? நான் விதியை ஒழுங்காக வாசிக்கவில்லை. அந்தக் கம்பனியின் கோடு, கையில் எடுக்காத இலாபத்தையும் கணக்கில் எடுத்து உயரும். முதல் நாள் எக்கவுண்ட் ஒரு நிமிடம் 51,400ஐத் தொட்டது அல்லவா, அந்த நிமிடமே கோடு 49,400க்கு ஏறிவிட்டது. ஏறிய கோடு இறங்காது. நான் படுக்கும்போது என்னிடம் மிஞ்சியிருந்தது 2,100 அல்ல, 700. அடுத்த நாள் சரியாக அந்த 700 போனது.

இதே இரண்டு நாட்கள், நாள் முடிவில் மட்டும் கோட்டை நகர்த்தும் கம்பனியில் நடந்திருந்தால்? முதல் நாள் முடிவில் மீதி 50,100, கோடு 48,100. இரண்டாம் நாள் 700 போனாலும் 49,400 இல் நிற்பேன், இன்னும் 1,300 இடம் இருக்கும். அதே ஆள், அதே மடத்தனம், வேறு முடிவு.

டொப்ஸ்டெப் 2012 முதல் சிக்காகோவில் இருக்கிறது. இந்தத் துறையில் பழைய கை. அங்கே கோடு நாள் முடிவு மீதியை வைத்து நகர்கிறது. ஆனால் பகலில் எந்த நேரத்திலும் கோட்டைத் தொட்டால் வெளியேதான், அதை மறக்கவேண்டாம். சிக்காகோ நேரம் பிற்பகல் 3.10க்கு முன்னர் எல்லாவற்றையும் மூடவும் வேண்டும். எபெக்ஸ் 2021 இல் டெக்சாஸில் தொடங்கியது. பெரிய கழிவுகளும், ஒரே ஆள் 20 எக்கவுண்ட் வரை வைத்திருக்கலாம் என்பதும்தான் அதைப் பிரபலமாக்கின. அவர்களது நீண்டகால வழக்கமான எக்கவுண்டில் கோடு, எடுக்காத இலாபத்தின் உச்சத்தைத் துரத்தும் வகை. இவை தவிர மை பண்டட் பியூச்சர்ஸ், டேக் ப்ரொபிட் ட்ரேடர், ட்ரேடிபை என்று இன்னும் பல. விதிகள் அடிக்கடி மாறும், போன வருட யூடியூப் காணொளியை நம்பிக் காசு கட்டவேண்டாம். சில இடங்களில் பரீட்சைக் காலத்தில் ஒரு வகைக் கோடு, பாஸான பிறகு வேறு வகைக் கோடு. அதையும் தேடிப் பாருங்கள். தேடினால் கிடைக்கும், ஆனால் பெரிய எழுத்தில் கிடைக்காது.

ஆக, தம்பியின் கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால்: கட்டாயம் ஒன்றை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் நான் நாள் முடிவுக் கோட்டைத்தான் எடுப்பேன், விலை இரண்டு மடங்காக இருந்தாலும். அது டொப்ஸ்டெப்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பதில் அவ்வளவுதான். ஆனால் அவனை அந்தப் பதிலோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கொப்பியை எடுத்துத் தரம் 11 நிகழ்தகவுப் பாடத்தை மீண்டும் நடத்தினேன். ஆசிரியர் புத்தி, விடாது.

ஒரு ஆளுக்கு ட்ரேடிங் பற்றி எதுவுமே தெரியாது என்று வைப்போம். அவர் நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் 500 டொலர் கூடும், பூ விழுந்தால் 500 குறையும். இலக்கு 3,000, அதாவது ஆறு படி மேலே. நஷ்ட எல்லை 2,000, அதாவது நான்கு படி கீழே. கோடு அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அவர் பாஸாகும் வாய்ப்பு பத்தில் நான்கு. 40 வீதம்.

இப்போது கோடு உச்சத்தைத் துரத்துகிறது என்று வைப்போம். எந்தப் புதிய உச்சத்தில் நின்றாலும் மேலே ஒரு படி, கீழே நான்கு படி. கீழே விழுவதற்கு முன்னர் அடுத்த படியைத் தொடும் வாய்ப்பு ஐந்தில் நான்கு. இப்படி ஆறு தடவை அடுத்தடுத்து நடக்கவேண்டும். ஐந்தில் நான்கை ஆறு தடவை பெருக்கினால் 0.26. கல்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். நாள் முடிவில் நகரும் கோடு இந்த 40க்கும் 26க்கும் நடுவில் எங்கோ விழும்.

தம்பி முதலில் பார்த்தது 40, 26 ஆகக் குறைந்ததை. நான் காட்ட நினைத்தது வேறு. எதுவுமே தெரியாமல் நாணயம் சுண்டும் 100 பேரில் 26 பேர் பாஸாகிறார்கள்! பாஸானதற்குச் சான்றிதழும் வருகிறது, பெயரெல்லாம் போட்டு. அந்த 26 பேரும் பேஸ்புக்கில் போடுவார்கள். மற்ற 74 பேரும் பேசாமல் இருப்பார்கள். பார்க்கும் நமக்கு 26 கெட்டிக்காரர்கள் தெரிவார்கள். அதிலும் அந்த 74 பேரில் பாதிப்பேர் திரும்பவும் கட்டணம் கட்டிச் சுண்டுவார்கள், அவர்களிலும் சிலர் பாஸாவார்கள், "மூன்றாவது முயற்சியில் வெற்றி, விடாமுயற்சி" என்று எழுதுவார்கள்.

தம்பி இரண்டு தடவை பாஸானவன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பாஸான பிறகு வருவது அடுத்த கட்டம். அங்கேயும் அதே கோடு, புதிதாக. சில இடங்களில் எக்கவுண்டைத் தொடங்குவதற்கே இன்னொரு கட்டணம், 149 டொலர் வரைக்கும் நான் பார்த்திருக்கிறேன். பேஅவுட் கேட்பதற்கு இத்தனை இலாப நாட்கள் இருக்கவேண்டும், ஒரு தடவைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று எல்லைகள். பிறகு ஒரே நாளில் வந்த இலாபம் மொத்த இலாபத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது மாதிரியான ஒரு விதி. ஒரு நாள் நன்றாகப் போய் 2,000 எடுத்துவிட்டீர்கள் என்றால், உங்கள் இலக்கு தன்னால் 4,000 ஆகிவிடும். நல்ல நாள் வந்ததற்குத் தண்டனை. கம்பனியின் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒரே அடியில் அதிர்ஷ்டத்தால் வந்தவரை வடிகட்டத்தான் அந்த விதி. ஆனால் விலைப் பட்டியலில் அது தெரிவதில்லை.

இன்னொன்று. இதைக் கேட்டபோதுதான் தம்பியின் முகம் மாறியது. பரீட்சை மட்டுமல்ல, பாஸான பிறகு தரும் "பண்டட்" எக்கவுண்டும் பெரும்பாலான கம்பனிகளில் பாவனைதான். சிமியுலேட்டட் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அழுத்தும் "வாங்கு" பொத்தான் சிக்காகோவுக்குப் போவதில்லை. கம்பனியின் கணினிக்குள் ஓர் எண் மாறுகிறது, அவ்வளவுதான். நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் ஒரு சிலரைத்தான் உண்மையான சந்தைக் கணக்குக்கு மாற்றுகிறார்கள். அப்படியென்றால் உங்களுக்கு வரும் பேஅவுட் சந்தையில் உழைத்த காசு அல்ல. கம்பனியின் பையிலிருந்து வருவது. அந்தப் பையை நிரப்புவதில் பெரிய பங்கு யாருடையது? சந்தாவும் ரீசெட்டும் கட்டிய மற்றத் தம்பிமாருடையது. கத்தாரில் கொங்கிரீட் தூக்கும் ஒரு மச்சானின் கார்டிலிருந்து போனது.

முழாரபா என்று சொன்னவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். முழாரபாவில் முதல் போடுபவர் உண்மையாக முதல் போடுவார், நஷ்டம் வந்தால் முதல் அவருடையதுதான் போகும், உழைப்பவர் உழைப்பை இழப்பார். இங்கே முதலே இல்லை. உழைப்பவர்தான் முன்கூட்டியே காசு கட்டுகிறார்.

நான் மௌலவி அல்ல. பத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை, அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒரு கணித ஆசிரியர் மட்டுமே. ஆனால் கேள்வியை ஒழுங்காகக் கேட்கச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். "ஹஸ்ரத், ட்ரேடிங் ஹலாலா?" என்று கேட்டால் வியாபாரம் ஹலால்தானே என்று பதில் வரும். "பியூச்சர்ஸில் இரவு வட்டி இல்லை, ஆகவே ஹலால்" என்று டெலிகிராமில் ஒரு கூட்டம் சொல்கிறது. வட்டி மட்டும்தானா பிரச்சினை? சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992 இல் ஜித்தாவில் கூடியபோது 63 ஆம் இலக்கத் தீர்மானத்தில் இந்தச் சந்தைகளைப் பற்றித்தான் பேசியது. பொருளும் கைமாறாமல் காசும் கைமாறாமல் நடக்கும் பியூச்சர்ஸ் வியாபாரத்தை அவர்கள் அனுமதிக்கவில்லை. பங்குச் சுட்டியை வாங்கி விற்பதைச் சூதாட்டம் என்றே சொன்னார்கள். ஈ-மினி எஸ்.என்.பி. என்பது பங்குச் சுட்டிதான். இதில் மாற்றுக் கருத்துள்ள அறிஞர்கள் இருக்கலாம், உங்கள் ஊரில் நீங்கள் நம்பும் ஆலிமிடம் போங்கள். ஆனால் போகும்போது முழுவதையும் சொல்லுங்கள்: "நான் கட்டணம் கட்டுகிறேன், பொருள் எதுவும் இல்லை, சந்தையும் உண்மையில்லை, ஓர் எண் மேலே போனால் எனக்குக் காசு வரும், கீழே போனால் நான் கட்டியது போகும்." இப்படிக் கேட்டுவிட்டு என்ன பதில் வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.

திறமை இருந்தால் வெல்லலாம் சேர் என்பார்கள். வெல்லலாம். எத்தனை பேர்? பிரேசிலில் மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் இதைத் தேடிப் பார்த்தார்கள். 2013 முதல் 2015 வரைக்கும் அந்த நாட்டுப் பங்குச் சுட்டி பியூச்சர்ஸில் புதிதாக நாள் வியாபாரம் தொடங்கிய 19,646 பேரின் கணக்குகள். பாவனை அல்ல, உண்மைச் சந்தை. அவர்களில் 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்கள் 1,551 பேர். அந்த 1,551 பேரில் 97 வீதமானோர் நஷ்டம். பிரேசிலின் அடிப்படைச் சம்பளத்தை விடக் கூடுதலாக உழைத்தவர்கள் 1.1 வீதம். அதாவது 17 பேர். இந்தியாவில் செபி 2024 இல் வெளியிட்ட கணக்கிலும் பியூச்சர்ஸ், ஒப்ஷன்ஸ் செய்த தனிநபர்களில் 93 வீதமானோர் மூன்று வருடத்தில் நஷ்டம்தான். அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். பிரேசில் ஆய்வில் அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தக் கம்பனிகள் எல்லாம் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. பேஅவுட் கொடுக்கும் கம்பனிகள் இருக்கின்றன, எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2023 ஓகஸ்டில் மை பொரெக்ஸ் பண்ட்ஸ் என்ற கம்பனி மீது அமெரிக்காவின் சீ.எப்.ரீ.சீ. வழக்குப் போட்டது. அது பியூச்சர்ஸ் அல்ல, பொரெக்ஸ். 135,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் 310 மில்லியன் டொலர் கட்டணம் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025 மே மாதம் அந்த வழக்கையே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அரசுத் தரப்பு நடந்துகொண்ட முறை பிழை என்று. ஆகவே கம்பனி குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. வழக்குப் போட்டதோடு சொத்துக்கள் முடக்கப்பட்டன, வாடிக்கையாளர்களின் எக்கவுண்ட்கள் நின்றுபோயின. பேஅவுட்டுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு எந்த வைப்புக் காப்புறுதியும் இல்லை. வங்கியில் போட்ட காசு மாதிரி அல்ல இது.

நமது நாட்டிலிருந்து செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு சில்லறைத் தலையிடிகள். எந்தக் கம்பனி எந்த நாட்டை ஏற்கிறது என்ற பட்டியலைக் காசு கட்டும் முன்னரே பாருங்கள், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பரீட்சைக்குக் காசு வாங்கும்போது யாரும் அடையாள அட்டை கேட்க மாட்டார்கள், பேஅவுட்டின்போதுதான் கேட்பார்கள். மச்சானின் கார்ட், மச்சானின் பெயர், உங்கள் கை. அங்கேதான் நிற்கும். அத்தோடு நமது வங்கிக் கார்டை வெளிநாட்டில் இப்படியான கட்டணங்களுக்குப் பாவிக்கலாமா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். டெலிகிராம் அட்மினிடம் கேட்காதீர்கள்.

இனி எழுத விரும்பாத பகுதி. எழுதினால் சிலர் கோபிப்பார்கள், எழுதாவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

தம்பிக்கு இதை யார் அறிமுகப்படுத்தியது என்று கேட்டேன். பழைய மாணவர் வட்ஸ்அப் குழு. அதில் ஓர் ஆசிரியர் கழிவுக் கோட் போட்டிருக்கிறார். நம்மில் ஒருவர். நானும் அவரும் பரீட்சை மண்டபக் கடமைக்கு ஒன்றாகப் போனவர்கள். அவருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், அந்தக் கோடை யாராவது பாவித்தால் உங்களுக்கு எவ்வளவு வரும்?"

"அது சும்மா மார்க்கெட்டிங் மச்சான். எல்லோரும் செய்வதுதானே."

"பிள்ளை பாஸானால் வருமா, கட்டணம் கட்டினால் வருமா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "கட்டினால்" என்றார். பிறகு, "நான் யாரையும் வற்புறுத்தவில்லையே" என்றார்.

வற்புறுத்தவில்லைதான். ஆனால் சேர், நாம் தரம் 6 இலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு "நான் சொன்னால் சரி" என்று பழக்கியிருக்கிறோம். கரும்பலகையில் நாம் எழுதியதை அவர்கள் கேள்வி கேட்காமல் கொப்பியில் எழுதியவர்கள். அந்த நம்பிக்கையை நாம் ஒரு கழிவுக் கோடுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பிள்ளை வென்றால் உங்களுக்கு எதுவும் இல்லை, தோற்றுத் திரும்பவும் கட்டினால் உங்களுக்கு இன்னொரு கொமிஷன். நமது சம்பளம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும். 2022 இல் டொலர் 200 இலிருந்து 360 ஆனபோது நானும் அதே சம்பளத்தில்தான் பால்மா வரிசையில் நின்றேன். மேலதிக வருமானம் தேடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. டியூஷன் கொடுங்கள், கோழி வளருங்கள், வாடகைக்கு ஓட்டோ விடுங்கள். பிள்ளைகளின் நஷ்டத்தில் பங்கு மட்டும் வேண்டாம். உங்களுக்கு நான் தனியாகவும் சொன்னேன், இப்போது பெயரில்லாமல் பொதுவிலும் சொல்கிறேன். கோபம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், தேநீரோடு பேசுவோம்.

மீண்டும் தம்பி. கொப்பியின் அடுத்த பக்கத்தில் அவனது ரசீதுகளை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். மின்னஞ்சலைத் தேடித் தேடி எழுதினான். பதினொரு ரசீது. ஒன்று 49, ஒன்று 149, இடையில் ரீசெட்கள். கூட்டினால் 1,100 டொலருக்குக் கிட்ட. இன்றைய கணக்கில் டொலர் 300 என்று வைத்தால் மூன்று இலட்சத்து முப்பதாயிரம் ரூபா. பாதி மச்சானின் கார்டில் போனது, பாதிக்கு உம்மாவின் இரண்டு காப்பு ஈட்டில் இருக்கிறது. பேஅவுட், இதுவரைக்கும், பூச்சியம். "இவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை சேர்" என்றான். ஒவ்வொரு தடவையும் 49 தானே என்றுதான் நினைத்திருக்கிறான்.

அந்தப் பதினொன்றில் மூன்று ரசீது அவன் வாங்கவே இல்லை. எக்கவுண்ட் ஏற்கெனவே தோற்றுப் போயிருக்கிறது, சந்தாவை நிறுத்தாததால் அடுத்த மாதமும் தானாக வெட்டியிருக்கிறார்கள். விதியில் எழுதியிருக்கிறது, ஆகவே முறையிடவும் வழியில்லை. மாதச் சந்தாவில் எடுத்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே போய் உங்கள் சந்தா ஓடுகிறதா என்று பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

அஸருக்கு பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் உட்கார்ந்து இரண்டு சந்தாவை நிறுத்தினோம். மூன்றாவது, மச்சானின் மின்னஞ்சலில் திறந்தது, அதன் கடவுச்சொல் இவனுக்கு ஞாபகமில்லை. அடுத்த வெட்டு 14 ஆம் திகதி. மச்சானுக்கு இன்னும் விடயம் முழுதாகத் தெரியாது. அதைச் சொல்லாமல் கடவுச்சொல்லைக் கேட்க முடியாது. நாளை பின்னேரம் டியூஷன் முடிந்து வரச் சொல்லியிருக்கிறேன். கத்தாரில் அவர் வேலை விட்டு அறைக்கு வரும் நேரம் பார்த்து, என் வீட்டிலிருந்தே போன் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.